வீட்டுக்குள் கறிவேப்பிலை வெளுத்தால்: சத்துக் குறைவா, வெளிச்சக் கோளாறா? கண்டறியும் ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

கனடாவிலும் பிரிட்டனிலும் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைத் தொட்டி செப்டம்பர் கடைசியில் உள்ளே வந்துவிடும். மேலே ஒரு எல்.இ.டி. வளர்ப்பு விளக்கைத் தொங்கவிடுவார்கள். தை பிறக்கும்போது கொழுந்து வெளுக்கத் தொடங்கும். இல்லாவிட்டால் அடி இணுக்குகள் மஞ்சளாகி உதிரும்.

எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) போடு, இரும்புச் சத்து ஊற்று, விளக்கை இறக்கு, விளக்கைத் தூக்கு என்று நாலு பக்கத்திலிருந்தும் யோசனை வரும். நான்குமே ஏதோ ஒரு செடிக்குச் சரிதான். ஆனால் செடி மாறிப்போனால் மருந்தே நோயாகும். வெளிச்சம் போதாமல் சோர்ந்த செடிக்கு உரம் ஊற்றினால் அது எடுத்துக்கொள்ளாது. உரம் உப்பாகத் தங்கி வேர் நுனியைக் கருக்கும். இரும்பு எட்டாமல் வெளுத்த கொழுந்துக்கு விளக்கை நெருக்கினால், பச்சையம் குறைந்த அந்த இலை வெளிச்சத்தைத் தாங்காமல் தீய்ந்துபோகும்.

ஆகவே எந்தப் புட்டியை வாங்குவது என்பதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது: கோளாறை எந்த வழியில் கண்டறிவது? கண்ணால் பார்த்தா, ஒரு கிளையில் தெளித்துப் பார்த்தா, வெளிச்சத்தை அளந்தா, தொட்டியின் வடிநீரை அளந்தா, ஆய்வகத்துக்கு அனுப்பியா?

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல், அந்த வழி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது. இலையில் *என்ன* குறைகிறது என்பது ஒரு கேள்வி. அது *ஏன்* குறைகிறது என்பது இன்னொரு கேள்வி. தொட்டியில் இரும்பு நிறைய இருந்தும் இலைக்கு எட்டாமல் போகலாம். முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் வழியை நம்பிச் செலவு செய்தால் அடுத்த தையிலும் அதே மஞ்சள் வரும்.

இரண்டாவது, சத்துக் குறைவையும் வெளிச்சக் கோளாறையும் அது பிரித்துக் காட்டுமா என்பது. மூன்றாவது, விடை வர எத்தனை நாள் ஆகும். நான்காவது, விடை தவறினால் செடி என்ன விலை கொடுக்கும். கடைசியில்தான் பணம். அதிலும் கருவியின் விலையோடு பராமரிப்பு, கரைசல், பறிக்கும் இலை, மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## எந்த வழிக்கும் முன்னால் ஐந்து நிமிடம்

பூச்சி, தேங்கிய ஈரம், குளிர் ஆகிய மூன்றையும் விலக்காமல் சத்து, வெளிச்சம் என்று பேசுவது வீண்.

வெள்ளைத் தாளை இணுக்குக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள். மிளகாய்ப்பொடி போன்ற புள்ளிகள் விழுந்து நகர்ந்தால் அது சிலந்திப் பேன். ஹீட்டர் ஓடும் வறண்ட அறை அதற்குச் சொர்க்கம். அது சாறு உறிஞ்சிய இலையில் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகள் இறையும். தூரத்திலிருந்து பார்த்தால் சத்துக் குறைவு போலவே இருக்கும். இலை பிசுபிசுத்தால் தண்டில் செதில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விடுங்கள். ஒரு வாரமாக நீர் விடாமலும் ஈரம் இருந்தால் வேருக்குக் காற்றில்லை. மூச்சு முட்டும் வேரால் இரும்பை எடுக்க முடியாது, எனவே கொழுந்து வெளுக்கும். அங்கே இரும்பு ஊற்றினால் ஈரம்தான் கூடும்.

மூன்றாவது குளிர். கறிவேப்பிலை 18 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யும். 15க்குக் கீழே இறங்கினால் உறங்கப் போய்விடும், பழைய இலையை உதிர்க்கும். அறை 21 டிகிரி இருந்தாலும், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துத் தரையில் நிற்கும் தொட்டி மண் 13 டிகிரியில் இருக்கக்கூடும். சமையலறைத் தெர்மாமீட்டரை மண்ணில் குத்திப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் தொட்டியை ஒரு பலகைமேல் ஏற்றிக் கதவிலிருந்து விலக்கி வையுங்கள்.

## வழி 1: கண்ணால் இலை பார்ப்பது

செலவே இல்லாத வழி இது. சரியாகப் பார்க்கத் தெரிந்தால் பாதித் தூரம் இதுவே கொண்டுபோய் விடும். பார்க்க வேண்டிய முதல் விஷயம் நிறமல்ல, *இடம்*.

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்கு அனுப்பும். எனவே இவை குறைந்தால் அடி இணுக்குகள் முதலில் காட்டும். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், கால்சியம் ஆகியவை ஒரு இலையில் குடியேறினால் எளிதில் நகராது. குறைவு கொழுந்தில்தான் தெரியும். வெளிச்ச மிகுதிக்கு இலையின் வயது கணக்கில்லை, விளக்குக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

- அடி இணுக்கு, நரம்போடு சேர்த்து முழு இலையும் சீராக வெளிறுவது: நைட்ரஜன்.
- அடி இணுக்கு, இலைக் காம்புப் பக்கம் பச்சை முக்கோணம் மிஞ்சி, விளிம்பும் நரம்பிடைகளும் மஞ்சளாவது: மக்னீசியம். எலுமிச்சைக் குடும்பச் செடிகளில் இந்த முக்கோணம் தெளிவாகத் தெரியும். கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான்.
- அடி இணுக்கு, விளிம்பு மட்டும் கருகுவது: பொட்டாசியம் குறைவு, அல்லது உப்புத் தேக்கம். இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது.
- கொழுந்து, மெல்லிய நரம்புகள்கூடப் பச்சை வலையாகத் தெரிய, நடுவெல்லாம் எலுமிச்சை மஞ்சள்: இரும்பு.
- கொழுந்து, நரம்பை ஒட்டி அகலமான பச்சைப் பட்டை: மாங்கனீசு.
- கொழுந்து சிறுத்து, கணுக்கள் நெருங்கி, திட்டுத்திட்டாக வெளிறுவது: துத்தநாகம்.
- விளக்குக்கு நேர் கீழே உள்ளவை மட்டும், நரம்பும் சேர்ந்து வெளுத்து, விளிம்பு மேல்நோக்கிச் சுருள்வது: வெளிச்ச மிகுதி.
- கணு இடைவெளி நீண்டு, தண்டு ஒல்லியாகி, ஜன்னல் பக்கம் சாய்ந்து, அடி இணுக்குகள் உதிர்வது: வெளிச்சக் குறைவு.

இதில் ஏமாறும் இடங்கள் மூன்று. புதிதாக விரிந்த கறிவேப்பிலைக் கொழுந்து இயல்பாகவே வெளிர் பச்சை. இரண்டு மூன்று வாரம் முற்றவிடாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நைட்ரஜன் குறைவும் வெளிச்சக் குறைவும் அடி இலையில் ஒன்று போலவே தோன்றும். தண்டின் நீளத்தைப் பார்த்தால்தான் பிரியும். நைட்ரஜன் பட்டினியில் செடி குட்டையாக நிற்கும், வெளிச்சப் பட்டினியில் நீண்டு போகும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. ஓர் இலைமேல் இன்னோர் இலையின் நிழல் விழுந்த இடம் பச்சையாகவும், மற்ற இடம் வெளுத்தும் இருந்தால் 'வெளிச்ச மிகுதி' என்று உடனே சொல்லிவிடுவார்கள். அது எப்போதும் சரியல்ல. மக்னீசியம், பொட்டாசியம், துத்தநாகம் குறைந்த இலையும் வெளிச்சம் பட்ட இடத்தில் அதிகம் மஞ்சளாகும், நிழல் விழுந்த இடத்தில் பச்சையாக இருக்கும். பீன்ஸ் செடிகளில் இது ஆய்வில் நிறுவப்பட்டிருக்கிறது. நிழல் அடையாளம் 'வெளிச்சமும் ஒரு பங்கு' என்று மட்டுமே சொல்லும். சத்துக் குறைவை அது விலக்கிவிடாது.

மறைவுச் செலவு: வளர்ப்பு விளக்கின் நிறம். ஊதா விளக்கின் கீழே எந்த இலையும் கறுப்பாகத்தான் தெரியும். விளக்கை அணைத்து, பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொரு செலவு, இணையத்தில் கிடைக்கும் நோய்க்குறிப் படங்கள். உள்ளரங்க வளர்ப்புக்கான பட அட்டவணைகளில் பெரும்பாலானவை கஞ்சாச் செடிக்கு வரைந்தவை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லா வளர்ப்பு) கடையில் உள்ள உரப் புட்டி, ஊட்ட அட்டவணை, விளக்கு உயரக் குறிப்பு எல்லாமே சில மாதத்தில் விதையிலிருந்து அறுவடைக்கு ஓடும் அந்தப் பெருந்தீனிச் செடியின் கணக்கு. குளிர்காலத்தில் மெல்ல நகரும் ஒரு சிறுமரத்துக்கு அந்த அட்டவணையில் கால் பங்கே போதும்.

கைபேசியில் படம் எடுத்தால் நோய் சொல்லும் செயலிகளும் இந்த வழியில் சேர்ந்தவைதான். அவை நிறத்தைப் பார்க்கும். மண் ஈரத்தையும் விளக்கின் தூரத்தையும் பார்க்காது. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எப்போது இது போதும்: அடையாளம் ஒன்றே ஒன்றாக, கிளைக்குக் கிளை ஒரே மாதிரி இருந்தால். இரண்டு அடையாளம் கலந்திருந்தால் போதாது.

## வழி 2: ஒரு கிளையில் தெளித்துப் பார்ப்பது

தோட்டக்கலையில் பழைய உத்தி. வீட்டில் ஒரே செடி வைத்திருப்பவருக்கு இதைவிட மலிவான, நேரடியான சோதனை இல்லை என்பது எங்கள் கருத்து.

ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் உள்ள மூன்று கிளைகளைத் தேர்ந்தெடுத்து வெவ்வேறு நிற நூல் கட்டுங்கள். முதல் கிளைக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு எப்சம் உப்புக் கரைசல், லிட்டருக்கு 10 கிராம். மூன்றாவதற்கு டி.டி.பி.ஏ. வகை இரும்புக் கீலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் சேர்மம்), லிட்டருக்கு 1 கிராம். மூன்றிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்தால் இலையில் ஒட்டும். விளக்கை அணைத்துவிட்டு, மற்ற கிளைகளைப் பிளாஸ்டிக் பையால் மூடி, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். காய்ந்த பிறகு விளக்கைப் போடுங்கள்.

இரும்புதான் குறைவு என்றால் 7 முதல் 10 நாளில் கொழுந்து பச்சையேறும். சில வேளை சொட்டு விழுந்த இடம் மட்டும் பச்சைப் புள்ளியாகத் தெரியும். அதுவே உறுதியான சாட்சி. மக்னீசியத்துக்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். முற்றிலும் மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது. அதற்கு மேலுள்ள இணுக்கு மஞ்சளாகாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று கிளையும் மாறவில்லை என்றால் இந்த இரண்டும் காரணமில்லை. மூன்றும் சேர்ந்து தேறினால் உங்கள் மருந்துக்கு அதில் பங்கில்லை. அறை வெப்பமோ வெளிச்சமோ மாறியிருக்கிறது.

எங்கே சறுக்கும்: இரும்புச் சல்பேட்டைக் கீலேட்டுக்குப் பதிலாக அடர்த்தியாகத் தெளித்தால் கொழுந்தில் கறுப்புத் தழும்பு விழும். மக்னீசியம் தெளித்தும் இரும்பு தெளித்தும் ஒரே கிளையைக் 'கவனித்தால்' எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம்: இந்தச் சோதனை *என்ன* என்று மட்டும் சொல்லும், *ஏன்* என்று சொல்லாது. இலை வழியாகக் கொடுத்த இரும்பு பச்சை தந்தது என்றால் வேர் வழியாக இரும்பு வரவில்லை என்று பொருள். மண் காரமா, வேர் அழுகலா என்பது இன்னும் மிச்சம்.

மறைவுச் செலவு: நூல் கட்டிய கிளைகளைச் சோதனை முடியும்வரை தாளிக்கப் பறிக்கக்கூடாது. குழம்புக்கு இணுக்குக் கிள்ளும் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

## வழி 3: வெளிச்சத்தை அளப்பது

டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் பகல் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் 8 மணி நேரம்கூட இல்லை. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும். செடிக்கு அந்த வசதி இல்லை. 'ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம்' என்று சொல்பவர்கள் அளந்து பார்த்தால் திடுக்கிடுவார்கள்.

கணக்கு எளிது. லக்ஸ் மீட்டரையோ கைபேசிச் செயலியையோ இலை இருக்கும் உயரத்தில், விளக்கை நோக்கிப் பிடித்து அளவெடுங்கள். வெள்ளை எல்.இ.டி. என்றால் 67ஆலும், சூரிய வெளிச்சம் என்றால் 54ஆலும் வகுத்தால் செடி பயன்படுத்தும் ஒளியின் அளவு, மைக்ரோமோலில், ஏறத்தாழக் கிடைக்கும். அதை விளக்கு எரியும் மணி நேரத்தாலும் 0.0036ஆலும் பெருக்கினால் ஒரு நாள் மொத்த ஒளி, மோலில்.

மேகமூட்டமான நாளில் ஜன்னலில் 1,500 லக்ஸ், 8 மணி நேரம்: 1500 ÷ 54 × 8 × 0.0036 = 0.8 மோல். அதே செடி 15,000 லக்ஸ் தரும் விளக்கின் கீழ் 14 மணி நேரம் நின்றால் 11.3 மோல். இரண்டுக்கும் 14 மடங்கு வித்தியாசம்.

கறிவேப்பிலைக்கு வேலைக்கு ஆகும் எல்லைகள் இவை. 5 மோலுக்குக் கீழே செடி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், இலை விடாது, உரம் வேண்டாம். 10 முதல் 15 வரை கொழுந்து விடும். அதற்கு மேலும் தாங்கும், வெயிலில் வளரும் மரம்தானே. ஆனால் *பழக்கிய பிறகுதான்*. இரண்டு மாதம் மங்கலில் நின்ற செடிமேல் 50,000 லக்ஸ் விளக்கை 16 மணி நேரம் எரித்தால் அது ஒரே நாளில் 43 மோல். மேல் இணுக்குகள் வெள்ளையாகும். மங்கலில் விரிந்த இலைக்கு அந்த வெளிச்சத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு உள்ளே இல்லை. வாரத்துக்கு 5 சென்டிமீட்டர் வீதம் விளக்கை இறக்குவது பாதுகாப்பு.

அளவு சந்தேகமாக இருந்தால் விளக்கை 15 சென்டிமீட்டர் தூக்கிவிட்டு 10 நாள் காத்திருங்கள். வெளுத்த இலை திரும்பாது. அடுத்து விரியும் கொழுந்து பச்சையாக வந்தால் காரணம் வெளிச்சம்.

மறைவுச் செலவு: ஊதா விளக்கில் லக்ஸ் கணக்கு சுத்தமாகச் செல்லாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் பச்சை உணர்வை ஒட்டிய அலகு. சிவப்பையும் நீலத்தையும் குறைத்தே காட்டும். அதற்கு உரிய குவாண்டம் மீட்டர் பல நூறு டாலர். ஒரு தொட்டிக்காக அதை வாங்குவதைவிட ஊதா விளக்கை மாற்றி வெள்ளை வாங்குவது மலிவு. கைபேசிச் செயலி இலவசம்தான், ஆனால் உணரிக்கு உணரி அளவு மாறும். 'இருக்கிறதா இல்லையா' என்பதற்குப் போதும், நுட்பமான முடிவுக்குப் போதாது. 30 முதல் 50 டாலரில் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் நடுவழி. மின்சாரத்தையும் சேருங்கள்: 100 வாட் விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 42 யூனிட்.

## வழி 4: தொட்டியின் வடிநீரை அளப்பது

'ஏன்' என்ற கேள்விக்கு வீட்டிலேயே பதில் சொல்லும் ஒரே வழி. மண்ணின் பி.எச். அளவையும் (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்), கரைந்த உப்பின் அளவான இ.சி.யையும் (இங்கே எல்லாம் mS/cm அலகில்) பார்க்கிறோம்.

1. தொட்டிக்கு வழக்கம்போல நீர் விட்டு, முழுவதும் நனைந்து வடிந்தபின் ஒரு மணி நேரம் விடுங்கள்.
2. அடித்தட்டைத் துடைத்துக் காயவைத்து, தொட்டியை இரண்டு சிறு கட்டைமேல் ஏற்றுங்கள்.
3. டிஸ்டில்டு வாட்டரை மேலே சுற்றிலும் மெதுவாக ஊற்றுங்கள். 10 அங்குலத் தொட்டிக்கு 200 முதல் 250 மில்லிலிட்டர்.
4. முதலில் வடியும் 50 மில்லிலிட்டரை மட்டும் எடுத்து அளவிடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் நீங்கள் ஊற்றிய வெறும் நீர் கலந்து அளவு பொய்யாகும்.

விடையைப் படிப்பது இப்படி:

பி.எச். 7.2க்கு மேல், இ.சி. 1 முதல் 2: இரும்பு தொட்டியில் இருந்தும் கரையாமல் கிடக்கிறது. புலம்பெயர் கறிவேப்பிலையின் தனி நோய் இதுதான். லண்டன் குழாய்நீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். டொராண்டோவில் வருவது ஒண்டாரியோ ஏரி நீர், அதுவும் நடுத்தரக் கடினம். ஒவ்வொரு முறை நீர் விடும்போதும் பைகார்பனேட் என்ற கார உப்பு சேரும். வெளியே இருந்தவரை மழை அதைக் கழுவிவிட்டது, உள்ளே வந்தபின் கழுவ ஆளில்லை. இங்கே கீலேட் வகை முக்கியம். இ.டி.டி.ஏ. பி.எச். 6.5 வரைதான் இரும்பைப் பிடித்துவைக்கும், டி.டி.பி.ஏ. ஏறத்தாழ 7 வரை. அதற்கு மேல் செந்நிற இ.டி.டி.எச்.ஏ. ஒன்றுதான் மண்ணில் வேலை செய்யும். 6 சதவீத இரும்புள்ளது என்றால் லிட்டருக்கு 0.3 முதல் 0.4 கிராம் கரைத்து ஒரு முறை ஊற்றி, இலையில் பட்டதைக் கழுவிவிடுங்கள். அதன் பிறகு குழாய்நீரோடு பாதிக்குப் பாதி மழைநீரோ உருகிய பனிநீரோ கலந்து விடுங்கள். பனியைப் பால்கனியிலிருந்து எடுங்கள். நடைபாதைப் பனியில் சாலை உப்பு இருக்கும்.

பி.எச். 6 சொச்சம், இ.சி. 0.8க்குக் கீழ்: உண்மையான பசி. நுண்சத்தும் சேர்ந்த 20-20-20 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் சம அளவில்) லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆனால் வழி 3இல் 5 மோலாவது வந்தால் மட்டும்.

இ.சி. 4க்கு மேல்: உரம் தேங்கிவிட்டது. விளிம்பு கருகியது பொட்டாசியக் குறைவால் அல்ல. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு இளஞ்சூடான நீரை விட்டுக் கழுவி, பிறகு நன்றாக உலரவிடுங்கள்.

பி.எச். 6 சொச்சம், இ.சி. 1 முதல் 2.5: தொட்டியில் குற்றமில்லை. விளக்கையும் வேரையும் பாருங்கள்.

புளித்த மோர் ஊற்றுவது பற்றிக் கேட்காமல் யாரும் இந்தப் பகுதியைக் கடக்கமாட்டார்கள். ஊரில் முற்றத்து மண்ணில் அது பாதகமில்லை. இங்கே 10 லிட்டர் தொட்டியில் ஒரு டம்ளர் மோரின் புளிப்பை நுண்ணுயிர்கள் சில நாளில் தின்றுவிடும், பி.எச். பழைய இடத்துக்கே வரும். மிஞ்சுவது வாடையும், மண்ணிலிருந்து கிளம்பும் சிறு கறுப்பு ஈக்களும்தான். துருப்பிடித்த ஆணி புதைப்பதும் அப்படியே: கார மண்ணில் துரு கரையாது, ஏற்கெனவே கரையாத இரும்போடு இன்னும் கொஞ்சம் கரையாத இரும்பு சேரும்.

மறைவுச் செலவு: பேனா வடிவ பி.எச். மீட்டர் 20 டாலரிலிருந்து கிடைக்கும். ஆனால் 4.0, 7.0 தரக் கரைசல்கள், முனையை நனைத்துவைக்கும் கரைசல் எல்லாம் தனி. முனை காய்ந்தால் மீட்டர் செத்தது. நன்றாகப் பேணினாலும் ஒன்றிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டிவரும். தரக் கரைசலில் சரிபார்க்காத மீட்டர் 7.4ஐ 6.4 என்று காட்டினால் முழு முடிவும் தலைகீழ். மண்ணில் குத்தும், பேட்டரியே இல்லாத 'மூன்று வேலை' மீட்டர்களை வாங்காதீர்கள். இ.சி. மீட்டர் அவ்வளவு செல்லம் கேட்காது.

கடைக்காரர் 'எல்.இ.டி. விளக்கென்றால் கால்-மேக் (கால்சியம், மக்னீசியம் கலந்த உரம்) கட்டாயம்' என்பார். ஒண்டாரியோ ஏரி நீரில் லிட்டருக்குச் சுமார் 35 மில்லிகிராம் கால்சியம் ஏற்கெனவே உண்டு. ஆர்.ஓ. கருவியில் உப்பு நீக்கிய நீர் விடுபவருக்குத்தான் அந்தப் புட்டி அவசியம்.

## வழி 5: ஆய்வகத்துக்கு அனுப்புவது

எண்ணில் விடை வரும் என்பதால் இது கடைசித் தீர்ப்பு என்று தோன்றும். வீட்டுத் தொட்டிக்கு அப்படி இல்லை.

எலுமிச்சைத் தோட்டங்களில் ஒரு மாதிரிக்கு 50 முதல் 100 முற்றிய இலை பறிப்பார்கள். குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து இணுக்கோடு நிற்கும் செடியில் அதற்கு ஈடாகப் பறித்தால் செடி மொட்டை. கறிவேப்பிலைக்கென்று வகுத்த தர அளவுகள் வெளிநாட்டு ஆய்வகங்களில் கிடைப்பது அரிது. எலுமிச்சை அளவோடுதான் ஒப்பிட முடியும். இரும்பு விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது: வெளுத்த இலையிலும் மொத்த இரும்பு சரியாகவே காட்டலாம். இலைக்குள் வந்தும் பயன்படாத இடத்தில் அது முடங்கியிருக்கும். அறிக்கையில் 'இரும்பு போதுமானது', செடியில் மஞ்சள். தாளை நம்பி இரும்பை விலக்கியவர் தவறான பக்கம் போய்விடுவார்.

கண்ணாடிக் கூடாரத்தில் முப்பது நாற்பது செடி வளர்த்து விற்பவருக்கு இது பயன்படும்: நோயுற்ற செடிகளின் இலை ஒரு மாதிரி, அதே வயதுள்ள நல்ல செடிகளின் இலை இன்னொரு மாதிரி என்று அனுப்பி, இரண்டையும் *ஒன்றோடொன்று* ஒப்பிட வேண்டும். கிணற்று நீர் விடுபவர் இலைக்குப் பதில் நீரைச் சோதிப்பது நல்லது. பைகார்பனேட், சோடியம் இரண்டும் தெரிந்தால் பாதிப் புதிர் அவிழும்.

## ஒரே பார்வையில்

| | கண் பார்வை | கிளைத் தெளிப்பு | வெளிச்ச அளவு | வடிநீர் அளவு | ஆய்வகம் |
|---|---|---|---|---|---|
| எதைச் சொல்லும் | எந்தப் பக்கம் தேடுவது | என்ன குறைவு | வெளிச்சம் போதுமா, மிகுதியா | ஏன் குறைவு | இலையில் உள்ள அளவு |
| சத்தா, வெளிச்சமா பிரிக்குமா | ஓரளவு | ஆம், இரும்புக்கும் மக்னீசியத்துக்கும் | ஆம் | பாதி | இல்லை |
| விடைக்கு நாள் | அன்றே | 7 முதல் 21 | அன்றே | 2 மணி நேரம் | ஒன்றிரண்டு வாரம் |
| கருவிச் செலவு, கனடிய டாலர் | 0 | 15 முதல் 25 | 0 முதல் 50 | 50 முதல் 90 | மாதிரிக்குச் சில பத்து |
| விடை தவறினால் | தவறான உரம் | ஒரு கிளைக்கு மட்டும் சேதம் | கொழுந்து வெளுப்பு | மண் புளிப்பு ஏறும் | பணமும் இலையும் நட்டம் |

## யாருக்கு எது

ஒரே ஒரு தொட்டி, முதல் குளிர்காலம் என்றால் கண் பார்வையோடு கைபேசி லக்ஸ் செயலி போதும். எதையும் வாங்காதீர்கள். முதல் ஆண்டுக் கோளாறுகளில் பெரும்பங்கு வெளிச்சம், குளிர், அதிக நீர் மூன்றில் ஒன்றுதான். மூன்றுக்கும் புட்டி கிடையாது.

ஆண்டுதோறும் தையில் கொழுந்து மட்டும் வெளுத்து, கோடையில் வெளியே வைத்ததும் தானே தேறுகிறது என்றால் நேரே வடிநீருக்குப் போங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் மண் மாற்றாத தொட்டிக்கும் இதுவே. கடினநீர் ஊர்களில் இ.சி. மீட்டரைவிடப் பி.எச். மீட்டருக்குப் பணம் போடுங்கள்.

அடி இலையும் கொழுந்தும் ஒரே நேரத்தில் மாறி, எது எதென்று பிடிபடவில்லை என்றால் கிளைத் தெளிப்பு. மூன்று வாரம் பொறுக்க முடியாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்தச் சோதனையும் பேசாது, கழுவிவிட்டு ஆறு வாரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

புது விளக்கு வாங்கி இரண்டு வாரத்துக்குள் உச்சி வெளுத்தால் வேறு சோதனையே வேண்டாம். விளக்கைத் தூக்குங்கள். மே மாதம் வெளியே வைத்த முதல் வாரத்தில் வெளுத்தாலும் அதே காரணம்தான்: முதல் பத்து நாள் நிழலில் வைத்துப் பிறகு காலை வெயிலுக்கு மாற்றவேண்டும்.

இலை முழுவதும் உதிர்ந்த செடிக்கு மேலே சொன்ன ஐந்தும் பொருந்தாது. பார்க்க இலையே இல்லை, உறங்கும் வேர் வடிநீரில் உள்ளதை எடுப்பதும் இல்லை. நகத்தால் தண்டுத் தோலைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உரத்தை நிறுத்தி, மண் பாதி காய்ந்தபின் மட்டும் நீர் விட்டு, தொட்டியை 20 டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள். மார்ச்சில் பகல் நீளும்போது மொட்டு அரும்பும். முதல் இணுக்கு முழுதாக விரிந்து முற்றும்வரை பறிக்கவும் வேண்டாம், அளக்கவும் வேண்டாம்.